டீச்சரைக் கேளுங்கள்: கள்ளுக்கடை மறியலும் கம்பிவேலிச் சோறும்

தோட்டத்துச் சாப்பாட்டைப் பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சட்டியில் தொடங்கி அரசியலில் போய் நிற்கின்றன. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளிக்குப் பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். நம் தோட்டங்களில் நடந்த போராட்டங்களுக்குப் பாடப் புத்தகத்தில் நாலு வரிதான் இடம். மிச்சத்தை நம் வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

"எங்கள் கொள்ளுத்தாத்தா சைக்கிளை விட்டு இறங்காததால் வேலை போனது என்று வீட்டில் சொல்வார்கள். அதே மூச்சில் கள்ளுக்கடைச் சண்டை என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் டீச்சர்?" (கிள்ளான் வாசகர்)

இரண்டும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்தவை, தம்பி. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அதற்குப் பின்னால் இருந்தது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலி எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, நோய்க்கு ஒழுங்கான மருந்து, உறவுக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை, பெண்களிடம் தவறாக நடப்பவர்களுக்கு முடிவு, கள்ளுக்கடைக்கு மூடுவிழா, இத்தனையும் கேட்டார்கள். தோட்டத் துரையோ கணக்கெழுதும் கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அதே பட்டியலில் இருந்தது.

கூலியைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் பத்துக் காசு கூட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். தலை நிமிர்ந்து நிற்பதையும் சேர்த்துக் கேட்டதுதான் அதிகாரத்துக்குப் பொறுக்கவில்லை. தொழிலாளிகள் காந்தி குல்லா போட்டுக்கொண்டு வேலைக்கு வந்ததைக்கூட ஒரு குற்றமாகப் பார்த்த காலம் அது. மே 6-ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடச் சொல்லி வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் பரவியது. அந்த மாநிலத்தில் அவசரநிலை அறிவித்துப் படையைக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளிகள் இறந்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து அடைத்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா வேலையை மட்டும் இழந்து உயிரோடு வீடு திரும்பினார் என்றால் அதுவே பெரிது.

கள்ளுக்கு வருவோம். பல தோட்டங்களில் கள்ளுக்கடை நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. சம்பளம் கொடுத்த கை அதில் ஒரு பகுதியைச் சாயங்காலமே திருப்பி வாங்கிக்கொள்ளும். கள்ளுக்கடை மும்முரமாக நடக்கும் மாதத்தில் வீட்டு அரிசி இருபதாம் தேதியே தீர்ந்துவிடும் என்று என் அம்மா சொல்வார். போருக்குப் பிறகு கெடாவில், பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ. எம். சாமி தொண்டர் படையை உருவாக்கியபோது கள்ளு ஒழிப்பைத்தான் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். இளைஞர்கள் காலையில் அணிவகுத்துப் பயிற்சி செய்வார்கள், சாயங்காலம் கள்ளுக்கடை வாசலில் மறியல் நிற்பார்கள். 1947-இல் கெடா தோட்டங்களில் போலீஸ் புகுந்து கைது செய்தது, சுட்டது, உயிர்களும் போயின. குடிக்காதே என்று சொன்னவர்கள் மீது ஏன் துப்பாக்கி? கள்ளை விட்ட தொழிலாளி அடுத்ததாகச் சங்கத்தில் சேர்வான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"என் பாட்டியின் அம்மா காதிலிருந்த தோட்டைக் கழற்றி நேதாஜியிடம் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். எல்லா வீட்டிலும் இந்தக் கதை இருக்கிறதே, நம்பலாமா?" (தைப்பிங் வாசகி)

எல்லா வீட்டிலும் இருப்பதால்தான் நம்பலாம் என்கிறேன் அம்மா. சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அதன் பிறகு மலாயா எங்கும் கூட்டம் போட்டு ஆளும் பொருளும் கேட்டார். கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண்ணான ஜானகி தேவர் தன் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. பிறகு அவர் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் படையான ஜான்சி ராணி படையில் சேர்ந்து, அதன் தளபதி லட்சுமி சுவாமிநாதனுக்கு அடுத்த இடத்துக்கு உயர்ந்தார். ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் நம் நாட்டு அரசியலிலும் இருந்தார். 2000-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

ஆனால் அந்தப் படையில் இருந்த பெண்கள் எல்லாரும் பங்களா வீட்டிலிருந்து வந்தவர்கள் அல்லர். பால்வாளி தூக்கிய கைகளும் அங்கே துப்பாக்கி பிடித்தன. படித்த பெண்கள் நினைவுகளை எழுதி வைத்தார்கள், தோட்டத்துப் பெண்களுக்கு எழுத வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் உங்கள் பாட்டியிடம் தோட்டைப் பற்றி மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊர்க் கூட்டம், எப்படிப் போனார்கள், யார் கூட வந்தார்கள், திரும்பி வந்து அன்று இரவு வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். வேறு பொட்டுத் தங்கம் கையில் இல்லாத வீட்டில் ஒரு தோட்டைக் கொடுத்துவிட்டு வருவது சின்ன விஷயம் இல்லை. மாமியாருக்கு எப்படிப் பதில் சொன்னார் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

"ரவாங்கில் வேலை செய்கிறேன். தூக்கிலிடப்பட்ட கணபதி இந்தப் பக்கம்தான் பிடிபட்டார் என்று ஒருவர் சொன்னார். யார் அவர்? பள்ளியில் படித்ததாக ஞாபகம் இல்லை." (ரவாங் வாசகர்)

எஸ். ஏ. கணபதி. தமிழ்நாட்டில் பிறந்து, சிறுவனாகச் சிங்கப்பூருக்கு வந்து வளர்ந்தவர். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். போர் முடிந்ததும் தொழிற்சங்க வேலைக்கு வந்து, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். அந்தச் சம்மேளனத்தில் சீனர், இந்தியர், மலாய்க்காரர் என்று இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரு தமிழர் அதற்குத் தலைவராக இருந்தார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

1948 ஜூனில் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி அந்தச் சம்மேளனத்தைச் செயல்படவிடாமல் செய்தார்கள். அதே மாதம் 16-ஆம் தேதி எங்கள் சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும், மூன்று ஆங்கிலேயத் தோட்ட அதிகாரிகளைக் கம்யூனிஸ்ட்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட்டுகளின் ஆயுதப் போராட்டத்தை அடக்க அவசரகாலம் வந்தது. முதலில் பேராக்கிலும் ஜொகூரிலும் சில பகுதிகளுக்கு என்றார்கள், இரண்டே நாளில் நாடு முழுவதும் என்றார்கள். அது முடிந்தது 1960 ஜூலை 31-இல். அந்தப் பன்னிரண்டு ஆண்டு காலத்தில் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு.

கணபதி 1949 மார்ச் மாதம் ரவாங் பக்கம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகப் பிடிபட்டார். போலீஸில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்றார், நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசு தலையிட்டுத் தண்டனையைக் குறைக்கச் சொன்னது, அதுவும் எடுபடவில்லை. மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். முதல் நாள்தான், மே 3-ஆம் தேதி, சிங்கப்பூர் தொழிற்சங்கத் தலைவர்களில் ஒருவரான பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அடுத்தடுத்த நாளில் இரண்டு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர்களை இழந்தோம். பேராக் தோட்டங்களில் தொழிலாளிகளைத் திரட்டிய ஆர். ஜி. பாலனையும் அவசரகாலத்துக்கு முன்பே பிடித்துப் பல ஆண்டுகள் காவலில் வைத்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளிகள் வாய் திறக்கப் பயந்துபோனதில் என்ன ஆச்சரியம்?

கம்யூனிஸ்ட்டுகளை ஆதரிக்கிறீர்களா என்று இதைப் படித்ததும் சிலர் எழுதுவார்கள். எல்பில் தோட்டத்தில் சுடப்பட்டவருக்கும் மனைவி இருந்தார். காட்டிக்கொடுத்தார் என்ற சந்தேகத்தில் இரவோடு இரவாக இழுத்துச் செல்லப்பட்ட தண்டல்களுக்கும் (வேலைக் கண்காணிப்பாளர்களுக்கும்) பிள்ளைகள் இருந்தார்கள். அதே 1948 டிசம்பரில் பத்தாங்காலி தோட்டத்தில் பிரிட்டிஷ் படையினர் ஆயுதம் இல்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நம் வரலாறு. ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக் கையில் கொடுப்பதை ஒரு ஆசிரியையாக என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. கணபதியின் பெயர் பாடத்தில் இருக்க வேண்டும். புடு சிறையையும் இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது கடைத்தொகுதிகள் நிற்கின்றன.

"எங்கள் தாத்தா அடிக்கடி 'வீட்டுல உலை வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க' என்பார். வயதான காலத்தில் உளறுகிறார் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இருந்ததா?" (கம்பார் வாசகி)

இருந்தது அம்மா. சிரிப்பவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசியும் உப்பும் மருந்தும் வெளியிலிருந்துதான் போக வேண்டும். அவர்களுக்கு உதவியவர்களின் வலைப்பின்னலை மின் யுவேன் என்பார்கள். அந்த வழியை அடைத்துவிட்டால் போராளிகள் பசியால் வெளியே வந்துதான் தீர வேண்டும் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்தில் குடியிருந்த ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, புதுக்கிராமங்களுக்குக் கொண்டுபோய்க் கம்பிவேலிக்குள் வைத்தார்கள். இதைப் பற்றியாவது புத்தகங்கள் பேசுகின்றன. தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும் (தொழிலாளர் வீட்டு வரிசைகளையும்) ஒரே இடத்தில் கூட்டி வேலி போட்டார்கள் என்பதுதான் அதிகம் பேசப்படாமல் போனது. நம் ஆட்கள் லட்சக்கணக்கில் அந்த வேலிக்குள் இருந்தார்கள்.

வேலி வந்தபோது அம்மாவுக்கு இருபது வயது இருக்கும். அவர் சொல்லி நான் எழுதி வைத்தது இது. பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போவதற்கு முன் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். ஆண்களை ஆண்கள் சோதிப்பார்கள், பெண்களைப் பெண்கள் சோதிப்பார்கள். பால்வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். சாப்பாட்டுத் தூக்குக்கு அனுமதி கிடையாது. அதற்கு முன்னால், முதல் சுற்று வெட்டி முடித்துப் பால் இறங்கும் வரை மரத்தடியில் உட்கார்ந்து பழைய சோறும் வெங்காயமும் சாப்பிடுவது வழக்கம். அது நின்றுபோனது. ஒரு போத்தல் வெறுங்கோப்பியோடு நிரை முழுவதையும் வெட்டி முடித்து, பாலைச் சுமந்து ஸ்டோரில் கொட்டிவிட்டு, மதியத்துக்கு மேல் வீடு திரும்பினால்தான் சோறு. போதாததற்கு ஊரடங்கு விடியும் வரை இருந்ததால் இருட்டில் கிளம்ப முடியாது. ரப்பர் மரம் அதிகாலைக் குளிரில்தான் நன்றாகப் பால் கொடுக்கும், வெயில் ஏற ஏற மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) இறங்குவது குறையும். அதனால் வயிற்றுக்கும் குறைந்தது, சம்பளத்துக்கும் குறைந்தது.

கடைகளிலும் இதே கதைதான். அரிசி, சீனி, உப்பு எல்லாம் அளவுக்குத்தான் கிடைக்கும். சார்டின் டின், பால் டின் வாங்கினால் கடைக்காரர் உங்கள் கண் முன்னாலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின்னை ஒளித்து வைத்து யாருக்கும் அனுப்ப முடியாது இல்லையா? அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். அவசரகாலமெல்லாம் முடிந்து நான் பள்ளிக்குப் போகும் வயதிலும், அம்மா சார்டின் டின்னை வாங்கிய நாளிலேயே குழம்பு வைத்துவிடுவார். அலமாரியில் ஒரு டின் இருப்பதே அவருக்கு உறுத்தும்.

உங்கள் தாத்தா சொல்கிற உலைச் சட்டம் இதற்கெல்லாம் உச்சம். 1950-களின் பிற்பகுதியில் போராளிகள் மிஞ்சியிருந்த சில வட்டாரங்களில் பொதுச் சமையலைக் கொண்டுவந்தார்கள். 1958-இல் எங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கமும் இப்படி ஒரு பெரிய நடவடிக்கை நடந்தது. கம்பார் தள்ளி இல்லை, தாத்தா அந்தக் காலத்தில் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று விசாரியுங்கள். எந்த வீட்டிலும் பச்சரிசியோ புழுங்கலரிசியோ, ஒரு மணி அரிசி இருக்கக் கூடாது. வேலிக்குள் ஒரே இடத்தில் பெரிய அண்டாக்களில் சோறு பொங்குவார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் பாத்திரத்தோடு போய் அளந்து வாங்கி வர வேண்டும். மெர்டேக்கா (நாட்டுக்குச் சுதந்திரம்) கிடைத்து ஒரு வருடம் ஆகும்போதும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தங்கள் அடுப்பில் சோறு பொங்கும் சுதந்திரம் வரவில்லை.

ஏன் சோறாகப் பொங்கிக் கொடுத்தார்கள்? அரிசி மாதக்கணக்கில் கெடாது, வேலிக்கு வெளியே புதைத்து வைத்தால் யாரோ வந்து எடுத்துக்கொள்வார்கள். சோறு நம் ஊர் வெக்கையில் ஒரே நாளில் நொந்துவிடும். சரியான கணக்குதான். ஆனால் மிஞ்சிய சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் பசியாறுவது நம் வீடுகளில் தலைமுறைகளாக இருக்கிற பழக்கம். பொதுச் சோற்றில் மிஞ்சுவதே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் தாய்மார்கள் தங்கள் பங்கிலிருந்து ஒதுக்கி, தண்ணீர் ஊற்றி, காலையில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குக் கொடுத்தார்கள். என் அம்மா அதைச் செய்தார். நான் அந்தப் பிள்ளை.

அண்டாச் சோற்றில் ருசி இருந்ததா என்று கேட்டேன். குழைந்திருக்கும், சில நாள் அடிப்பிடித்த வாசனை வரும் என்றார். அதைவிட, கணவன் வேலை முடிந்து வரும் நேரத்துக்குச் சுடச்சுடச் சோறு வடித்துப் போட முடியவில்லை என்பதுதான் அவருடைய பெரிய மனக்குறை.

"மரவள்ளிக்கிழங்கு சமைத்தால் எங்கள் பெரியம்மா அந்தப் பக்கமே வரமாட்டார். காரணம் சொல்வதும் இல்லை." (கூலிம் வாசகி)

பெரியம்மாவுக்குத் தொண்ணூறு வயதை ஒட்டி இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஜப்பான்காரன் காலத்துக் குழந்தை. போருக்கு முன் மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) வாங்கிச் சாப்பிட்டது. இங்கே ரப்பரும் ஈயமும் விளைந்தால் போதும் என்று வெள்ளைக்காரன் விட்டிருந்தான். ஜப்பானியர் வந்ததும் கப்பல் நின்றது, ரப்பருக்கு வாங்குவோர் இல்லை, தோட்டத்தில் வேலை இல்லை. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனாலும் அரிசி கிடைக்காது. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டார்கள். காலையில் கிழங்கு, மதியம் கிழங்குக் கஞ்சி, ராத்திரி கிழங்கு மாவு ரொட்டி. வயிறு ஊதிக் கால் வீங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அதோடு ரயில் பாதை போட ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் நம் தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் அங்கே மாண்டார்கள். அவர்களுக்குக் கல்லறைக் கல்கூடக் கிடையாது. அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்கு வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் இருக்கின்றன, அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்பாவைக் கொண்டுபோன வருடம் முழுக்க ஒரு பிள்ளை கிழங்கு தின்று காத்திருந்தால், பிறகு வாழ்நாள் முழுக்க அதைத் தொடாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. பெரியம்மாவை வற்புறுத்தாதீர்கள். அவர் வரும் நாளில் வேறு ஏதாவது சமையுங்கள்.

கிழங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மரவள்ளியில் நஞ்சு இருக்கிறது. கசப்பு வகையில் அது மிக அதிகம், வேகவைத்தால் மட்டும் போகாது, அதைத் தவிர்த்துவிடுங்கள். சாதாரணக் கிழங்கின் தோலையும் அடியிலுள்ள இளஞ்சிவப்புப் பட்டையையும் முழுவதும் உரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் துப்பிவிடுங்கள்.

"என் பாட்டி எதைக் கேட்டாலும் 'அதெல்லாம் எதுக்குடா இப்ப' என்கிறார். எப்படிப் பேச வைப்பது? நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன்." (பினாங்கு மாணவர்)

ரெக்கார்டரை மேசையில் வைத்துவிட்டு 'அவசரகாலத்தில் உங்கள் அரசியல் நிலைப்பாடு என்ன பாட்டி' என்று கேட்டால் யார் பேசுவார்கள்? அந்தத் தலைமுறை ஐ.சி.யை (அடையாள அட்டையை) ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய தலைமுறை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை கட்டாயம் என்று 1948-இல் வந்ததே அவசரகாலத்தில்தான். இரவில் பிந்தாங் தீகா ஆள் (காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளி) வந்து அரிசி கேட்பான், பகலில் சோல்ஜர் வந்து யாருக்கு அரிசி கொடுத்தாய் என்று கேட்பான். இரண்டு பேருக்கும் 'தெரியாது' என்று சொல்லித்தான் பிழைத்தார்கள். பேரப்பிள்ளைக்கும் அதே பதில் வருகிறது.

நீங்கள் அடுப்படியில் போய் உட்காருங்கள். வெங்காயம் உரித்துக் கொடுங்கள். அப்போது ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிட்டீர்கள், அரிசி எங்கே வாங்கினீர்கள், கடைக்காரர் சீனரா செட்டியாரா, டின்னில் ஓட்டை போட்டார்களா, கேட்டில் யார் சோதித்தார்கள் என்று கேளுங்கள். என் அனுபவத்தில் சாப்பாட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லாத பாட்டி யாரும் இல்லை. அங்கிருந்து அவரே எங்கே போகிறாரோ போகட்டும், குறுக்கே பேசாதீர்கள். தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், எத்தனையாவது லயம் என்பதை மட்டும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பாதித் தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. பெயரும் போய்விட்டால் எந்த ஆவணத்தோடும் ஒப்பிட முடியாது. அப்புறம் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய் அந்த ஆண்டுகளின் தொழிலாளர் இலாகா அறிக்கைகளையும் பழைய தமிழ்ப் பத்திரிகைகளையும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்று பாட்டி சொன்னால் அந்தப் பெயரை வெளியிடாதீர்கள். அந்தக் குடும்பமும் இதே ஊரில்தான் இருக்கிறது. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் நான்தான் பாடம் எடுத்தேன்.

"அப்பாவின் பெட்டியில் ஒரு கூட்டுறவுச் சங்கப் பங்குப் புத்தகம் இருந்தது. மாதம் பத்து வெள்ளி என்று பதிவு. இது எதற்கு?" (சித்தியவான் வாசகர்)

தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமாக இருக்க வேண்டும். எங்கள் சுங்கை சிப்புட்காரரான, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கியது. மெர்டேக்காவை ஒட்டி வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள், வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள், தொழிலாளிகள் நடுத்தெருவில் நின்றார்கள். தொழிலாளிகளே காசு போட்டுத் தோட்டத்தை வாங்கிவிடுவோம் என்று அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். பத்து வெள்ளி அன்றைய தோட்டக் குடும்பத்துக்குப் பெரிய தொகை, உங்கள் அப்பா எதையோ குறைத்துக்கொண்டுதான் கட்டியிருப்பார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு நேரில் போய் வாரிசு விவரம் கேளுங்கள்.

"பெலாச்சான் (இறால் விழுது) போட்டு நெத்திலிச் சம்பால் செய்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த சம்பந்தி இது நம் சமையல் இல்லை என்கிறார்." (ஈப்போ வாசகி)

நம் சமையல்தான். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரப் பெண்ணிடம் பெலாச்சானும், சீனக் கடையில் நெத்திலியும் வாங்கி, நம் அம்மிக்கல்லில் அரைத்து, அரை வயிற்றுச் சோற்றை இறக்கிய கூட்டு இது. மூன்று தலைமுறையை வளர்த்திருக்கிறது. சம்பந்திக்கு இப்படிச் செய்து போடுங்கள்: காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயத்தோடும் வாட்டிய பெலாச்சான் ஒரு துண்டோடும் அரையுங்கள். நெத்திலியைத் தனியாகப் பொரித்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் விழுதைப் போட்டுச் சிறு தீயில் எண்ணெய் பிரியும் வரை வதக்குங்கள், அவசரப்பட்டால் பச்சை வாசனை போகாது. புளித்தண்ணீர், கொஞ்சம் சீனி, உப்பு. அடுப்பை அணைத்த பிறகு நெத்திலியைச் சேருங்கள், முன்னால் போட்டால் ஊறித் தளர்ந்துவிடும்.